சின்னராசா துறைமுகச் சங்கிலியை இறக்கினாரா?

போன சனிக்கிழமை என் சிநேகிதியின் மகள் வீட்டுக்கு வந்தாள். கையில் கைபேசி, அதில் செருகிய ஒரு குட்டி மைக். யூடியூப்பில் ஜப்பான் அனிமே தொடர்களுக்கு விமர்சனம் செய்கிறாளாம். வயது போனவர்களிடம் கருத்துக் கேட்டுப் போட்டால் பார்ப்பவர்கள் கூடுவார்களாம். வயது போனவர் யார்? நான்தான்.

"அன்ரி, நீங்கள் அனிமே ஏதாவது பாத்திருக்கிறீங்களோ?"

"ஓம். ஒண்டு இருபத்தாறு பாகம், அதை மூண்டு தரம் பாத்தனான்."

மைக் கொஞ்சம் ஆடியது. "எது அன்ரி?"

"நீலத்துறை: ஆரம்பம்."

"அது ப்ரீக்வெல் எல்லோ? மெயின் சீரிஸை முதல் பாக்காமல் ஏன் அதைப் பாத்தனீங்கள்?"

"அப்ப மெயின் சீரிஸ் வர றோட்டுத் திறக்கேல்லை பிள்ளை."

அவளுக்கு விளங்கவில்லை. பரவாயில்லை. "சரி, அஞ்சு ஸ்டாரில எத்தினை குடுப்பீங்கள்?"

"அதைச் சொல்லுறதெண்டால் செக்பொயின்றில இருந்து தொடங்கோணும்."

பிள்ளை ரெக்கோர்டிங்கை நிறுத்திவிட்டது. அவளுடைய வீடியோ நாற்பத்தைந்து விநாடிதானாம். எனக்கு அது போதாது. உங்களுக்கு நேரம் இருக்கிறதுதானே?

யுத்தத்தின் கடைசி வருடங்கள். திருகோணமலை டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் விளையாட்டு மைதானத்தின் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு முகாம். ஒரு நாள் பந்து ஒன்று மதிலைத் தாண்டிப் போய் விழுந்தது. பந்து திரும்பி வரவில்லை. கடிதம்தான் வந்தது. அன்றோடு மைதானத்தில் விளையாட்டு நின்றது.

வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டு பாடமும் விளையாட்டு. இப்போது அந்த நேரத்துக்குப் பிள்ளைகளை என்ன செய்வது? மண்டபத்தில் அடைத்து வைத்தால் கூரை கிளம்பிவிடும். அதிபரின் அறையில் யாரோ நன்கொடையாகத் தந்த ரீ.வி.யும் டி.வி.டி. பிளேயரும் துணி போர்த்திக் கிடந்தன. அதிபர் அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். படம் போடுவது!

என்ன படம்? டவுனில் டி.வி.டி. கடை வைத்திருந்த கிண்ணியா நவாஸிடம் கேட்டோம். ஏழு தட்டுகள் உள்ள ஒரு பெட்டியை எடுத்துத் தந்தார். "டீச்சர், இது யப்பான் காட்டூன். கொழும்புல புள்ளைகளுக்கு இது எண்டா உயிராம். ஆனா ஒண்டு... இது முன்கதை. பெரிய கதை வேற பெட்டி. அது ஆமி மூடின றோட்டுத் திறந்தா வரும்."

அதிபர் அம்மா கவனமான மனுஷி. முழுவதையும் ஒருவர் பார்த்து மதிப்பீடு எழுதித் தராமல் ஒரு தட்டையும் போடமாட்டேன் என்றார். தானே ஒரு படிவமும் தயாரித்தார். பண்பாட்டுக்கு ஏற்றதா? வன்முறை உண்டா? நீதி உண்டா? இப்படிப் பத்துக் கேள்விகள். ஆறாவது கேள்வி — 'கதைமாந்தர் எண்ணிக்கை: குறைவு / அளவானது / அதிகம். காரணம் தருக.'

அந்த ஆறாவது கேள்விதான் எங்களை உள்ளே தள்ளப் பார்த்தது.

'எங்களை' என்றேனே... மற்றவர் என் மச்சாள். கணவரின் அக்கா, பத்மா மச்சாள். கணவர் கொழும்பில் வேலையாக இருந்தார். உவர்மலை வீட்டில் நானும் மச்சாளும்தான். மச்சாள் ஆசுபத்திரியில் பிரசவம் பார்க்கும் மருத்துவமாது. முப்பது வருட சேவை. டவுனில் யாரைக் கண்டாலும் அவர்களுடைய பிறந்த நிறை சொல்லுவார். எனக்கு முன்னாலேயே என் பள்ளிக்கூட மாணவிகளிடம் சொல்லுவார். அவ்வளவு ஞாபகசக்தி, அவ்வளவு வாய்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து, சாப்பிட்டு, இரண்டு மணிக்கு ரீ.வி.க்கு முன்னால் கதிரையைப் போட்டேன். மச்சாள் காலை டியூட்டி முடிந்து பக்கத்துக் கதிரையில் கால் நீட்டியிருந்தார். முதல் பாகம். முதல் ஐந்து நிமிடத்தில் பதினொரு பேர் வந்தார்கள். எல்லாருக்கும் ஒரே கண், ஒரே மூக்கு. முடி மட்டும் வேறு வேறு. பெயர்களோ... குரோமிச்சி, தோக்கிசாடா, ஹருமாசா! கீழே ஆங்கில எழுத்து ஓடுகிறது. அதை வாசித்தால் முகம் தெரியாது. முகத்தைப் பார்த்தால் எழுத்து ஓடிவிடும்.

மச்சாளுக்கு ஆங்கிலம் வராது. அவருக்கு அது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை.

"உவன் தலைச்சன் பிள்ளை. நடையிலயே தெரியுது."

"எவர்?"

"உந்த வெள்ளைமுடி. உவள் குடைக்காரி இருக்கிறாள் எல்லோ, அவள் குறைமாசத்தில பிறந்தவள். பார், எல்லாத்துக்கும் அவசரம்."

இப்படி ஆளுக்கொரு பெயர் வைத்தார். ஒற்றைக்கண்ணர். குடைக்காரி. பல்லு டொக்டர். கச்சேரிக் கிளாக்கர். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. தோக்கிசாடாவை யார் நினைவு வைத்திருப்பது? ஒற்றைக்கண்ணர் என்றால் முடிந்தது.

கதை இதுதான். ஒரு துறைமுகம். அதைப் பிடிக்க ஐந்து கப்பல்கள். துறைமுக வாயில் கரைக்குக் கரை கட்டிய ஒரு இரும்புச் சங்கிலி. சங்கிலியை உயர்த்தி வைத்தால் உள்ளே ஒரு வள்ளமும் வர ஏலாது. எண்ணிப் பார்த்தேன், முகம் காட்டுகிறவர்கள் மட்டும் நாற்பத்து மூன்று பேர்!

முன்கதையில் ஒரு வசதி உண்டு என்று பிறகு அறிந்தேன். பெரிய கதையை முதலில் பார்த்தவர்களுக்கு யார் யார் பிழைப்பார்கள் என்று தெரியும். அவர்கள் நிம்மதியாகப் பார்க்கலாம். எங்களுக்கு அந்த நிம்மதி இல்லை. நாற்பத்து மூன்று பேரில் யாரும் எந்த நிமிடமும் போகலாம். வெளியேயும் அப்படித்தானே இருந்தது? ஆனாலும் மூன்று மணிக்கு மச்சாள் என்னிடம், "உந்தப் பல்லு டொக்டர் தப்புவானோ?" என்று கேட்டபோது, வெளியே கேட்ட ஹெலிகொப்டரை நாங்கள் இருவரும் கவனிக்கவேயில்லை.

இனி சின்னராசா.

சாம்பல்தீவிலிருந்து எங்கள் வீட்டுக்கு மரக்கறி கொண்டு வருபவர் சின்னராசா அண்ணர். செவ்வாயும் வெள்ளியும் வருவார். சைக்கிள் கரியரில் சாக்கு, சாக்குக்குள் கத்தரிக்காய், வெண்டிக்காய். அதிகம் கதைக்கமாட்டார். மூன்று பெண்பிள்ளைகள், மூவரையும் பிறப்பித்தது மச்சாள். சரிந்த தோள். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டே இருப்பார்.

எட்டாம் பாகத்தில் துறைமுகக் கோட்டையில் சமைக்கிற குசினிக்காரன் வந்தான். சரிந்த தோள். கையை உடுப்பில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"எடியே, எங்கட சின்னராசா," என்றார் மச்சாள்.

அவ்வளவுதான். குசினிக்காரனுக்குச் சின்னராசா என்று பெயர் நிலைத்துவிட்டது.

பத்தொன்பதாம் பாகத்தில் சண்டை வந்தது. கப்பல்களுக்குள் அல்ல, எங்களுக்குள். சங்கிலியை இறக்கவே கூடாது என்பது கோட்டையின் கட்டளை. எதிரிக் கப்பலிலிருந்து ஒரு விளக்குக் காட்டுகிறார்கள். குசினிக்காரன் எழும்பிப் போய்ச் சங்கிலியை இறக்குகிறான். அகதிகள் வந்த ஒரு வள்ளம் உள்ளே நுழைகிறது. அதன் பின்னாலேயே எதிரியின் கப்பலும் நுழைகிறது. ஏன் இறக்கினான் என்று படத்தில் சொல்லவில்லை. அது பெரிய கதையில் வருமாக்கும்.

"காட்டிக் குடுத்திட்டான்," என்றேன். "எதிரியின்ர விளக்கைப் பாத்துத்தானே எழும்பிப் போனவன்?"

"உனக்குக் கண் இருக்குதோ? வள்ளத்தைப் பாத்துப் போனவன். சங்கிலி ஏத்தினபடி கிடந்திருந்தால் வள்ளம் அடிபட்டுப் பிரண்டிருக்கும்."

"மச்சாள், அவன் துரோகி."

"சின்னராசாவையோ துரோகி எண்டுறாய்? வாயைக் கழுவு."

மூன்று நாள் எங்களுக்குள் தேவைக்கு மட்டும்தான் கதை. "சோறு போடட்டோ?" "போடு." அவ்வளவு.

கடைசியில் படிவத்தை நிரப்பினேன். ஆறாவது கேள்விக்கு 'அதிகம்' என்று பெரிய சரி போட்டுப் பக்கத்தில் நாற்பத்து மூன்று என்றும் எழுதினேன். காரணம் தர வேண்டுமே? பிரிஸ்டல் போட் ஒன்று வாங்கி ஒரு வரைபடம் கீறினேன். நாற்பத்து மூன்று வட்டங்கள். ஐந்து குழுவுக்கு ஐந்து நிறம். யாருடன் யார் சேர்ந்தார், யாரை யார் கவிழ்த்தார் என்று அம்புக்குறிகள். செத்தவர்களுக்குச் சிவப்பில் குறுக்குக் கோடு. எனக்குப் பெயர்கள் நினைவில்லாதபடியால் மச்சாளின் பெயர்களையே எழுதினேன். கப்பல்கள் எங்கே நின்றன என்பது அதிபருக்கு விளங்க வேண்டும் அல்லவா? அதனால் நடுவில் ஒரு துறைமுகப் படமும் கீறினேன்.

ஓம், துறைமுகப் படம். அந்தக் காலத்தில். திருகோணமலையில். இப்போது உங்களுக்கு வியர்க்கிறது. எனக்கு அப்போது வியர்க்கவில்லையே... வடிவாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.

சனிக்கிழமை காலை அதிபர் வீட்டுக்குப் புறப்பட்டோம். மச்சாளும் சந்தைக்கென்று கூடவே வந்தார். சுருட்டிய பிரிஸ்டல் போட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சோதனைச்சாவடி வரிசையில் நின்றேன்.

"இது மொனவாத?" என்றான் சிப்பாய். என்ன இது என்று கேட்கிறான்.

"ஸ்கூல்," என்றேன் பெருமையாக.

அவன் விரித்தான். பார்த்தான். சுருட்டவில்லை. திரும்பி உள்ளே பார்த்து ஒரு விசில் அடித்தான்.

மணல் மூட்டையும் தகரமும் கொண்ட ஒரு அறை. நடுவில் தகரத்தால் ஒரு தடுப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கம் மச்சாளை இருத்தினார்கள், இந்தப் பக்கம் என்னை. மேசையில் என் வரைபடம் விரிந்து கிடந்தது. நாலு மூலைக்கும் நாலு துப்பாக்கி ரவைகள் பாரம். மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு இளம் அதிகாரி வந்தார். கூடவே தமிழ் தெரிந்த ஒரு பொலிஸ் கொன்ஸ்தாபிள். பேச்சைக் கேட்டதுமே கிண்ணியாப் பக்கத்து ஆள் என்று தெரிந்தது.

அதிகாரி சிங்களத்தில் கேட்டார். கொன்ஸ்தாபிள் தமிழாக்கினார். "டீச்சர், இது என்னாண்டு சேர் கேக்குறார்."

"யப்பான் காட்டூன்."

அதிகாரி வரைபடத்தை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு கீழிருந்து மேலே பார்த்தார். "காட்டூன் எண்டா ஒரு பூனை, ஒரு எலி. நாப்பத்து மூணு பேர் என்னத்துக்கு எண்டு கேக்குறார்."

நான் கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து ஆறாவது கேள்வியைக் காட்டினேன். "நானும் அதைத்தான் சேர் எழுதியிருக்கிறன். அதிகம்."

எங்கள் இருவருக்கும் கருத்து ஒற்றுமை இருந்தது. ஆனால் அது எனக்கு உதவவில்லை. அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முதலாவது வட்டத்தில் பேனையை வைத்தார். "இது யாரு?"

"ஒற்றைக்கண்ணர்."

கொன்ஸ்தாபிள் மொழிபெயர்க்கத் தயங்கினார். வட்டங்களைக் கண்ணால் மேய்ந்தார். ஒற்றைக்கண்ணர், வெள்ளைமுடி, குடை, பல்லு டொக்டர்... "டீச்சர், இதெல்லாம் இயக்கப் பேரு மாதிரியே இருக்கே," என்றார் மெல்ல.

அப்போதுதான் என் வரைபடத்தை அவர்களுடைய கண்ணால் பார்த்தேன். என் கையெழுத்தில், என் வர்ணப் பேனையில், இரகசியப் பெயர்களோடு ஒரு துறைமுகத் தாக்குதல் திட்டம் அந்த மேசையில் கிடந்தது. இதைவிடச் சிறிய காரணத்துக்குப் போனவர்கள் வீடு திரும்ப மாதங்கள் எடுத்த காலம் அது.

முதலாவது வட்டத்திலிருந்து சொல்லத் தொடங்கினேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு வாய்மொழிப் பரீட்சை நான் எடுத்ததில்லை. ஒற்றைக்கண்ணருக்கு ஏன் ஒரு கண் போனது, வெள்ளைமுடி ஏன் தம்பியை மன்னிக்கவில்லை, குடைக்காரி ஏன் வெயில் இல்லாத நேரமும் குடை பிடிக்கிறாள்... ஒவ்வொன்றாக. அதிகாரி முகத்தில் ஒன்றும் இல்லை. கொன்ஸ்தாபிள்தான் இடையிடையே மொழிபெயர்க்க மறந்து, "பொறகு?" என்று என்னைக் கேட்டார்.

பேனை இருபத்தேழாவது வட்டத்துக்கு வந்தது.

"சின்னராசா," என்று வாசித்தார் கொன்ஸ்தாபிள். நிமிர்ந்தார். "இது மனுசன் பேராச்சே."

மற்றதெல்லாம் பட்டப்பெயர். இது ஒன்றுதான் பெற்றவர்கள் வைக்கக்கூடிய பெயர். அதற்குக் கீழே என் அழகான எழுத்தில் — 'சங்கிலியை இறக்கியவர்.'

எனக்குச் சாம்பல்தீவுச் சைக்கிள் கண்ணில் வந்தது. உண்மையைச் சொன்னால் என்ன நடக்கும்? எங்கள் மரக்கறிக்காரர் மாதிரி இருந்தார், அதனால் வைத்த பெயர் என்றால்... இவர்கள் ஒரு ஜீப்பில் போய் அந்த மனுஷனை ஏற்றி வந்து, தோளைச் சரித்து நிற்கச் சொல்லி ஒப்பிட்டுப் பார்க்கமாட்டார்களா?

"அது சும்மா வைச்ச பேர்," என்றேன். "அப்பிடி ஒரு ஆள் இல்லை." பொய் சொன்ன பிள்ளைகளை வெளியே நிறுத்துகிற டீச்சர், நான்.

"அப்ப யப்பான் பேர் என்ன?"

வரவில்லை. அவன் ஒரு குசினிக்காரன். அவனுடைய பெயரை நான் எங்கே கவனித்தேன்? எழுத்து ஓடிய நேரம் எல்லாம் கப்டன்மாரின் பெயரைத்தானே வாசித்துக்கொண்டிருந்தேன்.

"அவன் நல்லவனா கெட்டவனா?"

"கெட்டவன். காட்டிக் குடுத்தவன்."

அதிகாரி எழுதிக்கொண்டார். எழும்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் போனார். தகரம்தானே, எல்லாம் கேட்டது. இருபத்தேழாவது ஆள் யார் என்று மச்சாளிடம் அதே கேள்வி.

மச்சாளின் வாய் உங்களுக்குத் தெரியும். சாம்பல்தீவு என்று தொடங்கப் போகிறார், கத்தரிக்காய் வரை வந்துதான் நிற்பார் என்று நான் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"சின்னராசா எண்டுறது என்ர மாமான்ர பேர்," என்றார் மச்சாள் நிதானமாக. "பாக்க அவரைப் போல இருந்தது."

"மாமா எங்க இருக்கிறார்?"

"செத்து முப்பது வருசம்."

செத்தவரைப் பிடிக்க ஏலாது. முப்பது வருடம் எத்தனை வீட்டு ரகசியங்களைக் கண்டவர்! அந்த வாய் எங்கே திறக்கும், எங்கே மூடும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"அவன் நல்லவனா கெட்டவனா?"

"தங்கமான மனுசன்."

நானோ இந்தப் பக்கம் 'கெட்டவன்' என்று சொல்லி முடித்திருந்தேன்.

அதிகாரி எங்கள் இருவரையும் ஒரே மேசைக்கு முன்னால் நிறுத்தினார். அவருடைய குரல் மாறியிருந்தது. கொன்ஸ்தாபிளின் குரலும். "ரெண்டு பேரும் ஒரு படம் பாத்ததாச் சொல்றீங்க. ஒராள் சொல்றா அப்பிடி ஆளே இல்லையாம், மத்தவ சொல்றா மாமாவாம். ஒராள் சொல்றா காட்டிக் குடுத்தவனாம், மத்தவ சொல்றா தங்கமாம். இதில எது பொய்யெண்டு சேர் கேக்குறார்."

நான் வாயைத் திறக்கு முன் மச்சாள் என் பக்கம் திரும்பினார். அதிகாரியை அவர் மறந்தேபோனார்.

"இன்னும் அதையோ சொல்லிக்கொண்டிருக்கிறாய்? காட்டிக் குடுத்தவன் எண்டோ இவைக்கும் சொன்னனி?"

"மச்சாள், இப்ப அது இல்லைப் பிரச்சினை..."

"அதுதான் பிரச்சினை. அந்த வள்ளத்தில எத்தினை பிள்ளையள் இருந்தது? சொல்லு."

"ஏழு."

"ஏழோ? எட்டு. ஒண்டு தாயின்ர சீலைக்குள்ள. நீ அதைக் கணக்கெடுக்கேல்லை."

"விளக்குக் காட்டினதும்தானே அவன் எழும்பினவன்?" அந்த இடத்திலும் என்னால் விட்டுக்கொடுக்க முடியவில்லை, பாருங்கள்.

"விளக்குக் காட்டேக்க அவன் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவன். திரும்பிக்கூடப் பாக்கேல்லை. அந்தச் சின்னது அழுத சத்தத்துக்குத்தான் எழும்பினவன். சட்டி கையில இருந்து விழுந்தது. நான் முப்பது வருசமா அந்தச் சத்தத்துக்கு எழும்பிப் போறவள், எனக்குத் தெரியாதோ? மொன்சுகே எண்டு கப்டன் பின்னால நிண்டு கத்துறான், நிக்கச் சொல்லி. நிண்டவனோ?"

மொன்சுகே. அதுதான் பெயர். ஆங்கிலம் தெரியாத மச்சாள் அதைக் காதால் பிடித்து வைத்திருந்தார். கப்டன்மாரை வாசித்த எனக்குக் கிடைக்கவில்லை.

சட்டி விழுந்தது எனக்கும் ஞாபகம் வந்தது. இரண்டு தரம் பார்த்திருக்கிறேன். எதற்கு விழுந்தது என்று ஒரு தரமும் யோசிக்கவில்லை.

அதிகாரி கொன்ஸ்தாபிளை ஏதோ கேட்டார். கொன்ஸ்தாபிள் சிங்களத்தில் சொன்ன பதில் எனக்கும் ஓரளவு விளங்கியது. "சேர், சண்டை பிடிக்கிறாங்க. அந்தக் குசினிக்காரன் நல்லவனா கெட்டவனா எண்டு. இது பொய்ச் சண்டை இல்ல சேர். எங்கட வீட்டிலயும் இப்பிடித்தான்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் இருபத்தைந்து வயதுக்கு மேல் சொல்ல ஏலாது. கொஞ்ச நேரம் இருபத்தேழாவது வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மச்சாளைக் கேட்டார். என்னையல்ல.

"சங்கிலியை இறக்கச் சொல்லி ஓடர் இருந்ததா எண்டு கேக்குறார்."

"இல்லை. இறக்கக் கூடாதெண்டுதான் ஓடர்."

"பொறகு அவனுக்கு என்ன நடந்தது?"

"தெரியாது சேர். ரெண்டாம் பெட்டி இன்னும் வரேல்லை."

"ஏன்?"

மச்சாள் வெளியே கை காட்டினார். "நீங்கள் றோட்டைத் திறக்கேல்லை எல்லோ."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அதிகாரி படிவத்தை என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். வரைபடத்தைத் தானே சுருட்டித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "போங்க," என்றார் தமிழில்.

வாசல் வரை கூட வந்த கொன்ஸ்தாபிள் நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "டீச்சர், அந்தக் குடைக்காரப் புள்ள கடைசில ஆரக் கட்டுது?"

றோட்டோரம், மச்சாளின் முதுகில் படிவத்தை வைத்து, ஆறாவது கேள்விக்குப் போட்ட சரியை வெட்டினேன். நாற்பத்து மூன்று என்பதையும் வெட்டினேன். சீலைக்குள் இருந்ததைச் சேர்த்து நாற்பத்து நாலு. 'அளவானது.' காரணம் தருக என்ற இடத்தில் என்ன எழுதினேன் என்று கேட்கிறீர்களா? 'எடுத்துவிட ஒருவரும் இல்லை.' அதிபர் அம்மா வாசித்துவிட்டு, "காரணம் சுருக்கமா இருக்கு. நல்லது," என்றார். அதற்கு எத்தனை மணி நேரம் எடுத்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

செவ்வாய்க்கிழமை சின்னராசா அண்ணர் வரவில்லை.

புதனும் வரவில்லை. நானும் மச்சாளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் மச்சாள் ஜன்னலுக்குப் போனார். படத்தில் வந்த ஆளுக்கு ஒரு உண்மையான மனுஷனின் பெயரை வைத்த எங்களுக்கு எவ்வளவு வாய்க்கொழுப்பு என்று இரண்டு நாளும் நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை சைக்கிள் மணி. மச்சாள் செருப்பும் போடாமல் வாசலுக்கு ஓடினார்.

"ஏன் செவ்வாய்க்கிழமை வரேல்லை?" அப்படி ஒரு அதட்டல்.

சின்னராசா அண்ணர் பயந்துபோய்க் கையைச் சாரத்தில் துடைத்தார். "காய் பிஞ்சாக் கிடந்தது அக்கா. முத்தட்டும் எண்டு விட்டனான்."

மச்சாள் முழுச் சாக்கையும் வாங்கினார். பத்து நாள் எங்கள் வீட்டில் கத்தரிக்காய்க் குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், கத்தரிக்காய்ச் சம்பல். நானும் ஒரு துண்டு விடாமல் தின்றேன்.

வெள்ளிக்கிழமைகளில் படம் ஓடியது. ஆங்கில எழுத்தை நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். வரைபடம் இல்லை, தேவையும்படவில்லை. இரண்டாம் கிழமையே பிள்ளைகளுக்கு எல்லாரையும் தெரிந்திருந்தது. பத்தொன்பதாம் பாகத்தில் சட்டி விழுந்தபோது, "ஏன் டீச்சர் எழும்பினவர்?" என்று ஒரு பிள்ளைகூட என்னைக் கேட்கவில்லை. அவர்களுக்கு விளங்கியிருந்தது. பட்டப்படிப்பு முடித்த எனக்குத்தான் ஒரு சோதனைச்சாவடி தேவைப்பட்டிருக்கிறது.

கதைகளை மதிப்பிடுவதில் இப்படி ஒரு சங்கடம் இருக்கிறது. பெரிய ஆட்களைப் பார்த்து எண்ணிக்கொண்டு போகிறோம். களைத்துப்போனதும், ஆட்கள் அதிகம் என்று எழுதிவிடுகிறோம். களைத்தது நாங்கள். குற்றம் அவர்கள் மேல்.

யுத்தம் முடிந்து றோட்டுத் திறந்த பிறகு நவாஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பெரிய கதையின் பெட்டி வந்தது. நானும் மச்சாளும் கதிரையைப் போட்டு உட்கார்ந்தோம். பத்துப் பாகம் வரை மொன்சுகே இல்லை. பதினோராம் பாகத்தில் சந்தை ஒன்று வருகிறது. அதன் மூலையில் மீன் பொரிக்கும் அடுப்புக்கு முன்னால் ஒரு கிழவன், சரிந்த தோள், கையை உடுப்பில் துடைத்துக்கொள்கிறான். அவனுக்கு வசனமே இல்லை. மூன்று விநாடி இருக்கும். மச்சாள் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டார். நெடுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

அந்த அதிகாரி இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. இந்தப் பத்தியை யாராவது அவருக்கு வாசித்துச் சொன்னால் புண்ணியம்.

சேர், குசினிக்காரன் உயிரோடு இருக்கிறான். மீன் பொரித்து விற்கிறான்.